எந்தக் குறைபாட்டுக்கு ஆசிரியர்?

2024 ஜனவரியில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சிறப்புக் கல்விக்கான இரண்டாண்டு பி.எட். படிப்பைக் கைவிட்டு, பிளஸ் டூ முடித்தவர்கள் நேராகச் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்புக்கு மாறுகிறோம் என்பது அதன் சாரம். 2030க்குள் எல்லா ஆசிரியருக்கும் நான்காண்டுப் பட்டமே குறைந்தபட்சத் தகுதி என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்ன வழியில் வந்த முடிவு. அதற்குப் பிறகு இந்தத் துறைக்காரர்கள் கூடுகிற இடங்களில் நான்காண்டுப் பட்டத்துக்கு ஒரே வாழ்த்துரைதான். இனிமேல் சிறப்புக் கல்வி என்பது வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்குகிற துறையாக இருக்காதாம். மருத்துவத்தைப் போலப் பதினேழு வயதிலேயே இதுதான் என் தொழில் என்று முடிவெடுத்து வருகிறவர்களின் துறையாகிவிடுமாம்.

வாழ்த்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பி.ஏ. வரலாறோ பி.எஸ்சி. கணிதமோ முடித்துவிட்டு, பொது பி.எட்.டில் இடம் கிடைக்காமல், யாரோ சொன்னதைக் கேட்டுச் சிறப்பு பி.எட்.டுக்கு வந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறோம். (அவர்களில் அருமையான ஆசிரியர்கள் பலர் உண்டு.) பிரெயிலைத் தடுமாறாமல் எழுதவும், சைகை மொழியில் ஒரு கதையை முழுசாகச் சொல்லவும், ஆடியோகிராமைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தின் ஒலி கேட்கும், எது கேட்காது என்று சொல்லவும் இரண்டு வருடம் போதாது. நான்கு வருடம் என்றால் கை பழகும். துறைக்குக் கொஞ்சம் மரியாதையும் கூடலாம். ஒப்பந்தச் சம்பளத்தில் வருடக்கணக்காக நிற்கிற சிறப்புப் பயிற்றுநர்களுக்கு அந்த மரியாதை எப்போது வந்து சேரும் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

என் ஆட்சேபம் பழையது, இரண்டாண்டுப் படிப்பு நடந்த காலத்திலேயே இருந்தது. வருடத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது தீராது. இந்தப் படிப்பு ஆசிரியரைக் குறைபாடு வாரியாகப் பிரித்து வார்க்கிறது. செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பன்முகக் குறைபாடு என்று பிரிவுகள்; சேரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2015இல் வந்த பாடத்திட்டத்தில் மற்றக் குறைபாடுகளுக்கு அறிமுகத் தாள்கள் உண்டு. ஆனால் ஆழமான தாள்களும் செய்முறையும் தேர்ந்தெடுத்த பிரிவில்தான். இதுவரை நடந்த நான்காண்டு பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட். சிறப்புக் கல்விப் படிப்புகளும் இதே அச்சுதான். கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறுவதும் அந்தப் பிரிவின் பட்டத்தோடுதான்.

இந்தப் பிரிவினை வேலையிடத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க, மாநகரத்துச் சிறப்புப் பள்ளிகளை விட்டுவிட்டுப் பெரியதாழையை எடுத்துக்கொள்கிறேன். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில், தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை முடிகிற இடத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மணல் தேரி. கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு கேட்டுக் கேட்டு அலுத்த ஊர். சாத்தான்குளம் தாலுகா. இப்படிப்பட்ட ஊர்களுக்கு அரசின் ஏற்பாடு வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒரு வட்டாரத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிறப்புப் பயிற்றுநர்கள். பிள்ளைகள் மையத்துக்கு வருகிற நாளில் அவர்கள் மையத்தில் இருப்பார்கள். மற்ற நாளில் பள்ளி பள்ளியாகப் போவார்கள். வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பார்கள். 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியையும் உரிமையாக்கியபிறகு அந்தப் பயணம் சட்டக் கடமையும் ஆகிவிட்டது.

இந்த ஊரில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குறைமாதத்தில் பிறந்தவள், மூளை முடக்குவாதம். கால்கள் இறுகிக் கிடக்கின்றன. அப்பா கடலிலிருந்து வந்து கூப்பிட்டால் குரல் வரும் திசைக்குத் திரும்பிச் சிரிப்பாள். சோற்றுத்தட்டை முன்னால் நீட்டினால் கண் அதைவிட்டு நழுவி ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விடும். கண் டாக்டரிடம் காட்டினால் கண்ணில் கோளாறு இல்லை என்பார். உண்மைதான், கோளாறு கண்ணில் இல்லை. கண் அனுப்புவதை வாங்கிப் பொருளாக்கும் மூளைப் பகுதியில் சேதம். மூளைசார் பார்வைக் குறைபாடு என்பது இதுதான். பணக்கார நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு இன்று முதன்மையான காரணம் இது. குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கத் தெரிந்துகொண்ட நம் மருத்துவமனைகளிலிருந்தும் இப்படிப்பட்ட பிள்ளைகள் கூடுதலாக வீடு திரும்புகிறார்கள்.

இவளுக்கு ஆசிரியர் யார்?

பார்வைத்திறன் பிரிவில் பட்டம் வாங்கியவர் வருகிறார். அவர் படித்தது பிரெயில், அபாகஸ், வெள்ளைக் கோலைப் பிடித்து நடக்கப் பழக்குவது. இவளால் கோலைப் பிடிக்கவும் முடியாது, எழுந்து நிற்கவும் முடியாது. மருத்துவச் சீட்டிலோ கண் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது. நம்முடைய பிள்ளை இல்லை என்று குறித்துக்கொண்டு அவர் போய்விடலாம். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் படித்தவர் வருகிறார். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாக உடைத்துச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நன்றாகத் தெரியும். பையிலிருந்து படஅட்டைகளை எடுக்கிறார்: ஒரே அட்டையில் மாடு, மரம், வீடு, சூரியன், எல்லாம் பல வண்ணத்தில். இவள் பார்க்கவில்லை. கடுமையான அறிவுசார் குறைபாடு என்று கோப்பில் ஏறுகிறது. செவித்திறன் பிரிவில் படித்தவருக்கோ இங்கே செய்வதற்கு எதுவுமே தோன்றாது. மூவரும் பட்டதாரிகள், மூவரும் பதிவெண் உள்ளவர்கள், மூவரும் நல்லவர்கள்.

பன்முகக் குறைபாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனமே அதற்காகத்தான். அங்கே பயின்ற ஒருவர் இந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர நம்மிடம் இதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு வேண்டியது அதிசயமான வித்தை எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. மேசையில் கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் ஒற்றை மஞ்சள் தட்டை வைக்க வேண்டும். அவள் கண் அதன்மேல் வந்து நிற்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பேச்சும் காட்சியும் ஒரே நேரத்தில் வந்தால் அவளால் இரண்டையும் வாங்க முடியாது. இடுப்பும் பாதமும் ஊன்றி இருக்கும்படி உட்காரவைக்க வேண்டும், இல்லையென்றால் விழாமல் இருப்பதிலேயே அவளுடைய முழு முயற்சியும் போய்விடும். சோறு ஊட்டும்போது தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்ள அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆம், வேண்டாம் என்று காட்ட அவளுக்கு ஒரு வழி ஏற்படுத்தித் தர வேண்டும்: கண்ணாலோ கையாலோ ஒரு பொத்தானாலோ. ஒரு பருவத்தில் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய சங்கதிகள். இவை பார்வைப் பிரிவில் கொஞ்சம், அறிவுசார் பிரிவில் கொஞ்சம், இயன்முறை மருத்துவரிடம் கொஞ்சம், பேச்சுப் பயிற்சியாளரிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேரத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை எந்தப் பட்டத்துக்கும் இல்லை.

இவள் அபூர்வமான உதாரணம் என்று தள்ளுவதற்கில்லை. மூளை முடக்குவாதம் தனியாக வருவது குறைவு. வலிப்பு, பார்வை, பேச்சு, அறிவு வளர்ச்சி ஏதாவது ஒன்றையாவது சேர்த்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். அதே பயிற்றுநர் அதே வாரத்தில் அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனால், அங்கே காது கேளாத பையன் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவைத்திருப்பான், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல். அதற்கடுத்த ஊரில் ஆட்டிசம் உள்ள பிள்ளை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். படிப்பே ஏறவில்லை என்று வகுப்பாசிரியர் கைவிட்ட பெண்ணுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிக்கத் திணறுகிற கற்றல் குறைபாடு இருக்கும். பட்டத்தில் எந்தப் பிரிவு எழுதியிருந்தாலும் களத்தில் எல்லாருக்கும் எல்லாப் பிள்ளையும்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து 21 ஆக்கியது. வண்டியோட்டிப் போகிற பயிற்றுநருக்கு அந்த 21உம் வழியில் நிற்கும்.

உச்ச நீதிமன்றம்கூட இதில் குறைபாடு வாரியாகத்தான் முதலில் யோசித்தது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், மூளை முடக்குவாதத்துக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவுசார் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் ஐந்துக்கு ஒருவர், காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கு ஒருவர் என்றது. மறுவருடம் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்த விகிதம் வேறு மாதிரி: தொடக்க நிலையில் பத்துக்கு ஒருவர், அதற்கு மேல் 15க்கு ஒருவர், பிரிவு எதையும் கேட்காமல். 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் அந்த அடிப்படையில் பணியிடங்களை உருவாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆக, நியமனக் கணக்கில் பிரிவு போய்விட்டது; பயிற்சியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்பது நம் வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரிந்த வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியையும், புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவித்திறன் குறைந்தோர் பள்ளியையும் தொடங்கினார்கள். இன்றும் இந்தக் கடற்கரையிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பள்ளிகள். அந்தப் பள்ளிகள் செய்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது, நானும் பேசவில்லை. ஒரே வகைப் பிள்ளைகள், ஒரே வளாகம், விடுதி. அந்த வகைக்கேற்ற ஆசிரியர். அந்த இடத்துக்கு அது சரி. நாடெங்கும் ஆசிரியர் பயிற்சி இத்தகைய பள்ளிகளின் மடியில் வளர்ந்தது. 1992இல் மறுவாழ்வுக் கவுன்சிலுக்கான சட்டம் வந்தபோது அந்தப் பள்ளிகளின் உருவமே பாடத்திட்டத்தின் உருவமாயிற்று. அதற்கப்புறம் பிள்ளைகள் விடுதியைவிட்டு வீட்டுக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் வந்துவிட்டார்கள். பட்டம் மட்டும் இன்னும் விடுதியிலேயே தங்கியிருக்கிறது.

மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்வைப் பிரிவில் பதிவு பெற்றவர் ஆட்டிசப் பிள்ளைக்குத் தனக்குத் தெரியாததை நாள்முழுக்கச் செய்தாலும் கேள்வியில்லை. காக்கப்படுவது பதிவேடு.

ஆதரவாளர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. இதயத்துக்கு ஒரு மருத்துவர், எலும்புக்கு ஒரு மருத்துவர் என்று இருக்கிறபோது, ஆசிரியர் மட்டும் எல்லாம் தெரிந்தவராக எப்படி இருப்பார் என்று கேட்கிறார்கள். அந்த உவமையையே எடுத்துக்கொள்வோம். இதய மருத்துவரும் எலும்பு மருத்துவரும் முதலில் ஒரே எம்.பி.பி.எஸ். படித்தவர்கள், காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவிட்டுத்தான் மேற்படிப்பில் பிரிந்தார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் இதயமா, எலும்பா என்று கேட்டு இளநிலையிலேயே பிரித்துவிட்டால் அந்த ஊரில் காய்ச்சலுக்கு மருந்து எழுத ஆள் இருக்காது.

காது கேளாதவர்களின் கல்வி தனி உலகம், அதற்கு மொழியே வேறு என்பதை ஏற்கிறேன். சைகை மொழி சரளமாகத் தெரியாதவர் காது கேளாத பிள்ளைக்கு ஆசிரியராக நிற்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். பிரெயிலும் அப்படித்தான். இது பிற்பாடு பிரிவதற்கான வாதம். தொடக்கத்திலேயே பிரிந்து மற்ற எதையும் தொடாமல் இருப்பதற்கான வாதமாக இதை நீட்டுவது எனக்குப் புரியவில்லை. பிரிட்டனில் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் வகுப்புக்குத் தனித் தகுதி கட்டாயம். பொது ஆசிரியர் பயிற்சியை முடித்தபிறகு அதை வாங்குகிறார்கள். அங்கே மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் குறைபாட்டு வகைகளைக் கைவிடச் சொன்னது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்டது. அதே வார்னாக் 2005இல், வெவ்வேறு தேவைகளை ஒரே மூட்டையாகக் கட்டியது பிழை என்று எழுதவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுதினார். பிள்ளைகளின் தேவைகள் வெவ்வேறு என்று சொன்ன ஒருவரிடம், ஆசிரியரைப் பள்ளி முடித்த வயதில் பிரித்து அடைப்பதற்கு ஆதாரம் தேடுவது வெறும் வம்பு.

நான்காண்டுப் பட்டம் இந்தப் பிழையை இன்னும் சீக்கிரத்தில் செய்யவைக்கிறது. இரண்டாண்டுப் படிப்பில் இருபத்தொரு வயதில் பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள், இனிமேல் பதினேழில். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்? பெரியதாழையிலிருந்து ஒரு பெண் விண்ணப்பிக்கிறாள் என்றால், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்குக் கவுன்சில் அனுமதி கொடுத்திருக்கிறது, விடுதி இருக்கிறதா, சாத்தான்குளத்திலிருந்து பஸ் உண்டா, வீட்டில் விடுவார்களா, இவைதான் தீர்மானிக்கும். ஊரில் எந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை என்பது அந்த விண்ணப்பத்தில் எங்கும் வராது. அப்புறம் செய்முறை. அனுமதி பெற்ற பிரிவுக்கேற்ற சிறப்புப் பள்ளியில், தேர்ந்தெடுத்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளோடு. கடற்கரைக் குடிசையில் தரையில் கிடக்கிற பிள்ளையை வேலைக்கு வந்த பிறகுதான் முதல்முறையாகப் பார்க்கப்போகிறாள்.

குறை இருந்தால் தொடர் மறுவாழ்வுக் கல்வி நிரப்பும் என்கிறார்கள். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் புள்ளி சேர்க்க வேண்டும். அதற்காக நடக்கிற சில நாள் கருத்தரங்குகளில் ஆட்டிசம் ஒரு நாள், மூளை முடக்குவாதம் ஒரு நாள் என்று கேட்டுவிட்டு வரலாம். நாற்காலியும் பவர்பாயிண்டும் சான்றிதழும் உண்டு, தொட்டுத் தூக்கி உட்காரவைக்க ஒரு குழந்தை இருக்காது. இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வழி இருக்கிறது. கவுன்சிலே பட்டய நிலையில் ஒரு சுவரை இடித்திருக்கிறது: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்று தனித்தனியாக இருந்த டி.எட். படிப்புகளை அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுகள் என்று ஒன்றாக்கியது. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் இளநிலைப் பட்டம் பல வருடங்களாக நடக்கிறது. அதில் ஒரே மாணவி எல்லாக் குறைபாடுகளையும் படிக்கிறாள். அது ஆசிரியர் பட்டம் இல்லை என்பது உண்மை. பதினெட்டு வயதுப் பெண்ணின் தலைக்குள் இவ்வளவும் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு அது பதில். தென்காசி பக்கம் ஆய்க்குடியில், 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்கிறது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சி தாமதப்பட்ட சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கு அனுப்புகிறது; இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வியாளரும் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையின் முன்னால் நிற்பவர் ஒருவர், அவருக்கு முழுக் குழந்தையும் பொறுப்பு.

நான்கு வருடம் கையில் இருக்கும்போது இதைச் செய்வது சுலபம். முதல் மூன்று வருடம் எல்லாருக்கும் ஒரே படிப்பு: சைகை மொழி, பிரெயில், உட்காரவைப்பது, ஊட்டுவது, பேச்சில்லாத பிள்ளைக்குப் பேச வழி செய்வது, எழுத்துக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பது. மூன்றாம் வருடத்தில் ஒரு பருவம் முழுக்க ஏதாவதொரு வட்டார வள மையத்தில், வீடு வீடாக. நான்காம் வருடத்தில், பிள்ளைகளைப் பார்த்த பிறகு, பிரிவு. ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு எம்.எட். இருக்கவே இருக்கிறது.

இது வராமல் இருப்பதற்குக் காரணம் கல்வியியல் சார்ந்தது என்று நான் நம்பவில்லை. அனுமதி பிரிவு வாரியாகக் கொடுக்கப்படுகிறது. கல்லூரி ஆசிரியப் பணியிடமும் பிரிவு வாரியாகக் கேட்கப்படுகிறது. கல்லூரியில் இரண்டு பிரிவு இருந்தால் இரண்டு அனுமதி, இரண்டு ஆய்வு, இரண்டு வகுப்பு, இரண்டு கட்டணம். பிரிவை எடுத்துவிட்டால் பாதிப் பேராசிரியர்கள் தங்களுக்குத் தெரியாததைத் தாங்களே முதலில் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். தேசியக் கொள்கையை ஏற்க மறுத்து 2025இல் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்ட தமிழ்நாட்டுக்கு இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. பட்டத்தை மாற்றும் அதிகாரம் கவுன்சிலிடம் இருக்கட்டும். வட்டார வள மையங்களுக்கு ஆள் எடுப்பது மாநிலம்தான். வேலையில் சேரும் ஒவ்வொருவரையும், எந்தப் பிரிவுக்காரரானாலும், முதல் ஆறு மாதம் தன் பிரிவு அல்லாத பிள்ளைகளோடு, கற்றவர் ஒருவரின் கண் முன்னால் வேலை செய்யவைக்க எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.